வில்லனுக்கு ஓர் இலை

ஒரு கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிச் சபையில் எழுந்து நின்றவருக்கு, அதே குடும்பத்தின் அடுத்த கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை போடலாமா, கூடாதா?

நான் ஒரு பட்டதாரி. பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எந்தக் காரியத்தையும் அதனால் யாருக்கு என்ன நேரும் என்று எடைபோட்ட பிறகே தொடுகிறவள் என்பதால், என் மேசைக்கு வரும் கோப்புகள் சற்றே தாமதமாகத்தான் வெளியேறும். அப்படி எடைபோட்டே பழகிய எனக்கு இந்தக் கேள்வியைத் தராசில் வைக்கவே முடியவில்லை. காரணம், கேள்விக்குரியவர் மொஸ்கோ.

எங்கள் மலையகத்தில் ஹட்டனில் தொடங்கிப் பொகவந்தலாவை வரையுள்ள தேயிலைத் தோட்டங்களில் அவரளவுக்குக் கல்யாணங்களை நடத்தியவரும் இல்லை. அவரளவுக்குக் கல்யாணங்களைத் தாமதப்படுத்தியவரும் இல்லை. அவருடைய தொழில் கல்யாணத் தரகு. அவருடைய வேதம், ஒரு ரஷ்ய நாட்டார்கதை ஆய்வாளர் தம் இளமையில் எழுதிய மெல்லிய புத்தகம். இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் குடித்தனம் நடத்திய இடம் உலகில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

அவருடைய சொந்தப் பெயரை அறிந்தவர் யாரும் இல்லை. சோவியத் நாடு என்று ஒன்று இருந்த காலத்தில், உழவு இயந்திரப் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் பெற்று எங்கள் மலையிலிருந்து போனவர். அங்கே விடுதியில் குளிர் தாங்கவில்லை. நூலகத்தில் வெப்பமூட்டி இருந்தது. வெப்பமூட்டிக்குப் பக்கத்து அலமாரியில் நாட்டார்கதை ஆய்வுகள் இருந்தன. அந்த இடத்தில் இரசாயன அலமாரி இருந்திருந்தால் மலையகத்துக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்திருப்பார். தரகர் கிடைத்திருக்க மாட்டார். பட்டம் பெறாமல் திரும்பிவந்ததைப் பற்றி யாராவது குத்திக்காட்டினால் அவர் கோபப்பட்டதே கிடையாது.

"நான் பெயிலாகலங்க. நாடுதான் பெயிலாயிருச்சு" என்பார்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை மூன்றே: அந்தப் புத்தகம், அந்த ஆய்வாளரின் சட்டமிட்ட படம், இரு பக்கமும் காது மடல் தொங்கும் உரோமத் தொப்பி. நுவரெலியாக் குளிருக்கு நியாயமான தொப்பிதான். ஆனால் ஹட்டன் மழையில் நனைந்துவிட்டால் ஈர ஆட்டின் வாசனையை அது வெளியிடும். தரகர் வருகிறார் என்பது அவர் வளைவு திரும்புவதற்கு முன்பே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களுக்குத் தெரிந்துவிடும். காது மடல்கள் இரண்டையும் உச்சியில் சேர்த்துக் கட்டியிருந்தால் அவரிடம் பேசலாம். அவிழ்த்து இறக்கிவிட்டாரானால் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று பொருள். தொப்பியைக் கழற்றி அவரை யாரும் கண்டதில்லை. உள்ளே முடி இருக்கிறது என்று சொல்வோரும் இல்லை என்று சொல்வோருமாகத் தொழிற்சங்கங்கள்கூட இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு துணிக்கடை. அதன் மேல்மாடியில் அவருடைய அறை. கடைக்காரரான முஸ்லிம் நானா வாடகை விடயத்தில் அவரை நெருக்குவதில்லை. மேலே பொருத்தம் முடிந்தால் இரு வீட்டாரும் படியிறங்கி நேராகப் பட்டுச்சேலைப் பகுதிக்குள்தான் விழவேண்டும். படிக்கட்டை நானா அப்படித்தான் அமைத்திருந்தார்.

அந்த ஆய்வாளர் என்ன சொன்னார் என்பதை மொஸ்கோ வாயால் கேட்கவேண்டும். உலகத்துக் கதைகளையெல்லாம் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே முதுகெலும்பாம். ஒருவர் வீட்டைவிட்டுப் போவார். அவருக்கு ஒரு தடை விதிக்கப்படும். அதை அவர் மீறுவார். வில்லன் வருவான். உதவுகிற ஆள் ஒருவர் மந்திரப் பொருளொன்றைக் கொடுப்பார். சோதனை, வெற்றி, கடைசியில் கல்யாணம். ஆள் மாறலாம், ஊர் மாறலாம், வரிசை மாறாது. அந்த ஆய்வாளர் கதைகளைப் பற்றித்தான் சொன்னார். அதைக் கல்யாணங்களுக்குப் பொருத்தியது மொஸ்கோவின் பங்களிப்பு.

"கதையெல்லாம் கல்யாணத்துல முடியுதுன்னா, கல்யாணமெல்லாம் கதப்படிதானே நடக்கணும்?"

முதல் கூற்றிலிருந்து இரண்டாவது கூற்று பெறப்படாது என்பதைத் தர்க்கரீதியாக அவருக்கு நான் ஒருமுறை விளக்க முற்பட்டேன். பாதியிலேயே காது மடல்கள் இறங்கிவிட்டன.

ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் முதலில் கேட்பது சாதகமல்ல. "பையன் வீட்டவிட்டு எப்பப் போனான்?" என்பதே முதல் கேள்வி. வெளியே போகாத பையனுக்குக் கதை இன்னும் தொடங்கவில்லை என்று கருத்து. எங்கள் இளைஞர்களில் பெரும்பாலோர் கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள் என்பதால் இது பொதுவாகச் சிக்கலாவதில்லை. ஆனால் தோட்டத்தைவிட்டு அசையாத ஒருவன் ஒருமுறை அகப்பட்டான். அவனை மொஸ்கோ ஹட்டனில் ரயிலேற்றி, நானுஓயாவரை போய் இரண்டொரு நாள் இருந்துவிட்டு வா என்று அனுப்பினார். அவன் போனான். திரும்பி வரும்போது நானுஓயாவில் பழக்கடை வைத்திருந்தவரின் மகளைக் கல்யாணம் செய்து கையோடு அழைத்துவந்தான். இங்கே நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணின் தகப்பனார் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மேல்மாடி ஏறினார். மொஸ்கோ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாராம்: "கத சரியாத்தான் போயிருக்கு. பொண்ணுதான் மாறிப்போச்சு." அன்று காது மடல்கள் பொழுது சாயும்வரை இறங்கியே இருந்தன.

அடுத்தது தடை. நிச்சயமானதும் மாப்பிள்ளையிடம் ஒரு சிறிய தகரப் பெட்டியைக் கொடுத்து, தாலி கட்டும்வரை திறக்கக்கூடாது என்பார். எல்லோரும் திறப்பார்கள். உள்ளே ஒரு டொபி மிட்டாய் இருக்கும். 'திறந்துட்டியா? அப்ப நாள் குறிக்கலாம்' என்று மகிழ்ந்துபோவார். இதிலும் ஒரு விபத்து நேர்ந்தது. தொழிற்சாலைக் காவலாளியாக இருந்த ஒரு நேர்மையான பையன் பெட்டியைத் திறக்கவே இல்லை. மாதங்கள் ஓடின, மொஸ்கோவும் நாள் குறிக்கவில்லை. முடிவில் மணப்பெண்ணே கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போய், பெட்டியைப் பிடுங்கிக் கல்லில் உடைத்து, டொபியையும் தின்றுவிட்டு வந்தாள். இன்றுவரை அந்த வீட்டில் முடிவெடுப்பது அவள்தான். பெண்களின் தீர்மானமெடுக்கும் அதிகாரம் பற்றி நான் நடத்தும் கருத்தரங்குகளில் இந்த உதாரணத்தைப் பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்திவருகிறேன்.

மந்திரப் பொருள், சீப்பும் துவாயும். ரஷ்யக் கதைகளில் துரத்தப்படும் பெண் சீப்பை எறிந்தால் காடு முளைக்குமாம். துவாயை எறிந்தால் ஆறு ஓடுமாம். எங்கள் தோட்டங்களில் காட்டுக்கும் ஆற்றுக்கும் குறைவில்லை. என்றாலும் ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் மொஸ்கோ தம் கையால் ஒரு சீப்பும் துவாயும் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தார். சில காலத்துக்குள் அவர் தரகு பார்க்காத கல்யாணங்களிலும் அவை தோன்றின. இன்று சீப்பும் துவாயும் இல்லாத தாம்பூலத்தை எங்கள் பக்கத்தில் யாரும் கையால் தொடமாட்டார்கள்.

பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வந்து இந்த வழக்கத்தைத் தொலைபேசியில் பதிவுசெய்தபோது நானும் உடனிருந்தேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்ணொருவர், இது கப்பலேறி வந்த முன்னோர் திருச்சிச் சீமையிலிருந்து கொண்டுவந்த சடங்கு என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். உண்மையை வெளியிட்டால் ஆய்வு கெடும். வெளியிடாவிட்டால் அறிவுலகம் கெடும். இரண்டையும் எடைபோட்டுக்கொண்டே நான் மொஸ்கோவிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்த விதம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

"சும்மா இரு, டிகிரி" என்றார். என்னை அவர் அப்படித்தான் அழைப்பார். "புத்தகம் எழுதுன அந்த மனுசனுக்கு இதவிடப் பெரிய பேரு என்னத்துக்கு? பேரு போயிருச்சு, ஆளு வழக்கமா நின்னுட்டாரு."

அந்த ரஷ்ய ஆய்வாளரின் வாழ்க்கையையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறு உறைந்துபோகும் நகரமொன்றில், பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பித்துச் சம்பாதித்தவராம். அந்தப் புத்தகம் வெளிவந்தபோது நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். பெரியவர்கள் முகம் சுளித்தார்களாம். அவர் பாட்டுக்கு வகுப்புக்குப் போனார், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றார், கிழவரானார். அதன் பிறகு எங்கோ தொலைதூர நாட்டார் அதை மொழிபெயர்க்கப்போக, உலகமே அவர் பெயரைச் சொல்லிக் கூத்தாடியதாம். அப்போதும் அவர் பாண் வரிசையில்தான் நின்றாராம். இந்த இடம் வரும்போது மொஸ்கோ எழுந்து படத்தின் தூசியைத் துடைப்பார்.

படம் சாமியானது தனிக்கதை. வட்டக் கண்ணாடியும் கூரிய தாடியுமாக அவர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்கு வரன் அமையாத தாயொருத்தி, மொஸ்கோ இல்லாத நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று படத்துக்குத் திருநீறு பூசி இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரமே வரன் அமைந்துவிட்டது. அதன் பிறகு 'கல்யாணத் தாத்தா'வுக்குக் கூட்டம் வந்தது. நானா கீழே பிளாஸ்டிக் மாலை விற்கத் தொடங்கினார். தம்முடைய மார்க்கத்துக்கு இது ஒவ்வாது, ஆனால் யாவாரத்துக்கு ஒத்துப்போகிறது என்று அவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்னார். மூடநம்பிக்கையை வளர்க்கலாமா என்று நான் மொஸ்கோவைக் கண்டித்தேன். உயிரோடு இருந்தபோது ஒரு மாலைகூடக் கிடைக்காத மனிதருக்கு இப்போது விழுவதைத் தடுக்கத் தமக்கு மனமில்லை என்றார்.

இத்தனை கல்யாணம் நடத்தியவர் தாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரஷ்யாவில் ஒரு மனைவி உண்டு என்றும், அவள் பனியில் வழுக்கி இறந்தாள் என்றும், இல்லை, பனியில் வழுக்கியவர் மொஸ்கோதான், அவள் வேறொருவரோடு நடந்து போய்விட்டாள் என்றும் பல பதிப்புகள் உலவின. அவரைக் கேட்டால் விடை சுருக்கமானது: "நான் உதவுற ஆளு. உதவுற ஆளுக்குக் கத முடியுறப்போ பொண்ணு கெடையாது. அது படத்துல இருக்குறவரு எழுதி வச்சது."

இப்படிப்பட்டவரிடம்தான் என் அக்கா மலரின் கல்யாணப் பொறுப்பு வந்து சேர்ந்தது.

அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு முன்னொரு சம்பந்தம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோயிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைப் பிரிக்காமலே பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து சதீஸ் என்பவரை மொஸ்கோ கொண்டுவந்தபோது அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"இதுவும் நின்னுச்சுன்னா குவைத்துக்குப் பாஸ்போட் போட்டுருவேன் தங்கச்சி. இன்னொருவாட்டி இந்த ஊருல சீல எடுக்க மாட்டேன்."

அவள் விளையாட்டாகப் பேசுகிறவள் அல்லள். ஏஜென்சிக்காரனின் தொலைபேசி இலக்கம் காம்பராவின் சுவரில் கரியால் எழுதப்பட்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஆனால் காரியம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. சதீஸ் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை செய்தார். ஆகவே வீட்டைவிட்டுப் போனவர். பெட்டியை வாங்கிய அன்றே திறந்து, டொபியில் பாதியை அக்காவுக்கு அனுப்பியும்விட்டார். சீதனம் கேட்கவில்லை. சாதகம் பொருந்தியது. எல்லோரும் மகிழ்ந்திருக்க, மொஸ்கோ மட்டும் விளக்கெண்ணெய் குடித்தவர்போல இருந்தார்.

"வில்லன் எங்க?" என்றார் என்னிடம்.

இல்லாவிட்டால் நல்லதுதானே என்றேன்.

"கல்யாணத்துக்கு முந்தி வராத வில்லன் கல்யாணத்துக்குப் பொறகு வருவான், டிகிரி. வந்து வீட்டோடவே தங்கிருவான்."

குடும்ப வன்முறை தொடர்பாக நான் படித்த அறிக்கைகள் எவையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. என்றாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வில்லன் விரைவில் வந்துவிட்டார். வந்தது வாட்ஸ்அப் வழியாக.

சதீஸின் தகப்பனாருக்கு ராக்கம்மா என்று ஒரு தமக்கை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். எங்கள் வழக்கத்தில், அத்தை மகள் இருக்கும்போது பையனுக்கு வெளியில் பெண் எடுத்தால், முதலில் வெற்றிலைத் தட்டோடு அத்தை வீட்டு வாசலில் நின்று, 'முறைய விட்டுத் தாங்க' என்று கேட்கவேண்டும். அத்தை மகளுக்கு அந்தப் பையனைப் பிடிக்குமா என்பது இங்கே கேள்வியே அல்ல, கேட்பதுதான் மரியாதை. சதீஸின் தகப்பனார் சிறுத்தைக்கு அஞ்சாதவர், தமக்கைக்கு அஞ்சுவார். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர், கடைசியில் அழைப்பிதழைப் படம்பிடித்து எல்லா உறவினருக்கும் அனுப்பியபோது அதே விரலால் தமக்கைக்கும் அனுப்பிவிட்டார்.

மகள் கண்டியில் தாதியர் பயிற்சியில் இருந்தாள். அழைப்புக்கு உடனே இதயக் குறி போட்டாள். தாயாரிடமிருந்து வந்தது நீல நிற இரட்டைக் குறி மட்டுமே.

அந்த நீலத்தைப் பார்த்து இரண்டு குடும்பங்கள் உறங்காமல் கிடந்தன. தட்டோடு ஓடிப்போன தம்பியை ராக்கம்மா அத்தை வாசலிலேயே நிற்கவைத்து, தாம் சொல்லவேண்டியதைச் சபையில் சொல்லிக்கொள்வதாகக் கூறிக் கதவைச் சாத்தினார். அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கிற்று. எங்கள் தோட்டத்தில் தாலி கட்டுமுன் தோட்டத் தலைவர் எழுந்து சபையிடம் அனுமதி கேட்பார். முறைக்காரியான அத்தை அந்தக் கணத்தில் எழுந்து 'கூடாது' என்றால் மேளம் நின்றுவிடும். பிறகு பஞ்சாயத்துப் பேசி, சமாதானமாகி, வேறு நாள் குறிப்பதற்குள் அக்கா குவைத்தில் இருப்பாள்.

நான் மேல்மாடிக்கு ஓடினேன். மொஸ்கோ புத்தாடை கண்ட குழந்தைபோல் இருந்தார். அத்தை எந்த வழியாக வருவார், எங்கே உட்காருவார், வெற்றிலை போடுவாரா என்றெல்லாம் விசாரித்தார். போடுவார் என்றேன். இது விளையாட்டல்ல, என் அக்காவின் வாழ்க்கை என்றும் சொன்னேன். அவர் படத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு கதையில வில்லனுக்குக் கதிர ஒண்ணுதான். ரெண்டு பேரு ஒக்கார முடியாது" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலும் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். காது மடல்கள் இறங்கின.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில். காலையிலிருந்தே பனிமூட்டம், மணமேடையிலிருந்து வாசல் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு வான் வெளிப்பட்டது. வானுக்குள்ளிருந்து ராக்கம்மா அத்தை வெளிப்பட்டார். அரக்கு நிறப் பட்டு, வாய் நிறைய வெற்றிலை. யாருடைய வணக்கத்தையும் ஏற்காமல் முன்வரிசை நடுவில் போய் அமர்ந்தார். அவருக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் தாமாகவே எழுந்து வேறிடம் தேடிக்கொண்டார்கள். மணமேடையில் அக்கா தலை நிமிரவே இல்லை. இந்தமுறை சேலை பிரிக்கப்பட்டிருந்தது. பழைய மடிப்புக் கோடுகள் மட்டும் தெரிந்தன.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "சபையோரே, தாலி கட்டலாங்களா?"

வழக்கமாக உடனே 'கட்டலாம்' என்று மண்டபம் அதிரும். அன்று ஒருவர் வாயும் திறக்கவில்லை. ராக்கம்மா அத்தை வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றினார்.

"நிப்பாட்டுங்க."

குரல் முன்வரிசையிலிருந்து வரவில்லை. எல்லோரும் திரும்பினோம். கடைசி வரிசையில், பனிமூட்டத்துக்கு நடுவே, உரோமத் தொப்பி நின்றுகொண்டிருந்தது.

"இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது" என்றார் மொஸ்கோ. "மாப்புள்ள வீடு மரியாத தெரியாத வீடு. அத்த மக இருக்கையில அத்தகிட்ட ஒரு வெத்தல வச்சுக் கேக்கல. வாட்ஸ்அப்புல பத்திரிக அனுப்பியிருக்காங்க. அந்தம்மாவும் அத வாங்கிக்கிட்டு, பட்டக் கட்டிக்கிட்டு, சாப்பாட்டுக்கு வந்து முன்னால ஒக்காந்திருக்கு. இந்த மாதிரி ரோசங்கெட்ட குடும்பத்துக்கு நான் பொண்ணு எடுத்துக் குடுத்தது எந்தப்பு."

ராக்கம்மா அத்தை மெல்ல எழுந்தார். மணமேடையைப் பார்த்தல்ல, வாசலைப் பார்த்து.

"யாருய்யா நீ? எந்தம்பி வீட்டப் பேச நீ யாரு?"

"தரகன்."

"தரகனுக்குச் சபையில என்ன வாயி? மொதல்ல அந்த ஆட்டக் கழட்டி வச்சிட்டுப் பேசு."

"ஆட்ட விடுங்கம்மா. மொறக்காரிக்கு ஆட்சேபன இருக்கு. இருக்கையில தாலி கட்டலாமா?"

"ஆட்சேபனையா? ஆருக்கு? எனக்கே இல்லாத ஆட்சேபன ஒனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

மொஸ்கோ ஒரு கணம் தயங்குவதுபோல் நின்றார். பிறகு, பெட்டிக்கடையில் விலை கேட்கிறவரின் குரலில் கேட்டார்: "அப்ப மொறைய விட்டுத் தாறீங்களா?"

"தந்தாச்சு. நீ என்ன செய்வ?" அத்தை மணமேடைப் பக்கம் திரும்பினார். "டேய் சதீஸு, பாத்துக்கிட்டு என்ன ஒக்காந்திருக்க? கட்டு. இவன் நிப்பாட்டுறானான்னு நானும் பாக்குறேன்."

மேளக்காரர் யாருடைய சைகைக்கும் காத்திருக்கவில்லை. தாலித் தட்டை ராக்கம்மா அத்தையே பிடுங்கிச் சபை முழுவதும் தொட்டுக் கும்பிடக் காட்டி, மணமேடைக்குக் கொண்டுபோனார். சதீஸ் மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளையை அல்ல, கடைசி வரிசையை.

அங்கே தொப்பி இல்லை. மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் அதை உரியவரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், தேயிலை மலையோரத்து வடிகால் கானுக்குள், ஓடுகிற தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தார்கள். இறங்கும்போதும் அவர் இரண்டு கைகளாலும் தொப்பியைப் பற்றியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பந்தி தொடங்கியது. எங்கள் வீட்டார் எல்லோரும் மொஸ்கோவைத் திட்டிக்கொண்டே பரிமாறினார்கள். நடந்தது என்ன என்று எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. நான் நன்மை தீமைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டு, காதோடு கேட்டாள்:

"தரகர் மாமா சாப்பிட்டாரா?"

இல்லை என்றேன். அவள் தன் இலையைத் தொடாமல், தாம்பூலத்திலிருந்த அந்த மந்திரத் துவாயை எடுத்து என் கையில் கொடுத்தாள். பட்டம் பெறாத என் அக்காவுக்கு எனக்கு முன்பே எல்லாம் விளங்கியிருந்தது. பட்டத்தின் பயன் குறித்து நான் சிந்திக்கத் தொடங்கியது அன்றுதான்.

துவாயும், சோற்றுப் பார்சலும், ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் பாயாசமுமாகப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அவர் சொட்டச்சொட்ட நின்றுகொண்டிருந்தார். தொப்பியின் வாசனையை விவரிப்பது இதை வாசிப்பவர்களுக்கு நான் செய்யும் கேடாகும்.

"மாமா, தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"நான் என்னத்தச் செஞ்சேன்? வில்லன் கதிர காலியாக் கெடந்துச்சு. அந்தம்மா ஒக்காரப் பாத்தாங்க. நான் முந்திக்கிட்டேன்." துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அவங்க நல்ல மனுசி புள்ள. கேக்க வேண்டியத யாரும் கேக்கல. நான் கேட்டேன், குடுத்துட்டாங்க."

பார்சலை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

"வில்லன் பந்தியில சாப்பிட்ட கத எங்கயாச்சும் இருக்கா? இவ்வளவு தூரம் ஒழுங்கா வந்த கத. சோத்துல கெடுத்துறாத."

நான் திரும்பத் தொடங்கினேன். அவருடைய பார்வை போத்தலில் நின்றது.

"அது பாயாசமா?"

ஆம் என்றேன்.

"பாயாசத்தப் பத்தி அவரு ஒண்ணும் எழுதல" என்றார் மொஸ்கோ. பஸ் வருவதற்குள் போத்தல் காலியாகிவிட்டது.

அதன் பிறகுதான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி எழுந்தது. அவருக்கு நன்றி சொல்வதா, சபையை அவமதித்தாரென்று ஒதுக்கிவைப்பதா? ஒரு நல்ல விளைவுக்காக ஒரு குடும்பத்தைப் பகிரங்கமாக ரோசங்கெட்டது என்று சொல்லலாமா? நாளை வேறு யாராவது இதைப் பின்பற்றி, கதை பிசகிப்போனால் யார் பொறுப்பு? சதீஸின் தகப்பனாருக்கு நான் உண்மையை விளக்கியபோது அவர் பாதி நம்பினார். தமக்கையிடம் போய்ச் சொல்ல மட்டும் யாருக்கும் துணிவு வரவில்லை. தம்மை ஒருவர் வாயைப் பிடுங்கி ஏமாற்றினார் என்று அறிந்தால் அவர் மறுபடியும் வானேறக்கூடும்.

ஏறத்தான் செய்தார். சில மாதங்களுக்குப் பிறகு ராக்கம்மா அத்தை ஹட்டன் துணிக்கடையின் படிக்கட்டில் ஏறுவதாக நானா எனக்குத் தொலைபேசியில் அறிவித்தார். நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அத்தை கல்யாணத் தாத்தாவின் படத்துக்கு முன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். கண்டியில் அவளுக்குப் பிடித்த பையனொருவன் இருந்தான். அதை முறைப்படி பேசி முடிக்கவேண்டும் என்றார். மொஸ்கோ மூலையில் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டிருந்தார்.

"என்னப் பாத்து ஏன்யா பயப்படுற?" என்றார் அத்தை. "நீ என் வாயப் புடுங்குனது அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில நோர்வூட் தாண்டுறப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

அப்படியானால் ஏன் திரும்பி வரவில்லை என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"வரத்தான் பாத்தேன். வான்காரன் ஒத்துக்கல."

பிறகு மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "சரிதான் போ. கேட்டவன் இவன் ஒருத்தன்தானே."

அந்தக் கல்யாணத்தில் பந்தி விரித்தபோது, மணமக்களுக்கு எதிரே ஓர் இலையை அத்தை தம் கையால் போட்டார். யாருக்கு என்று சமையற்காரர் கேட்டார். 'வில்லனுக்கு' என்றார் அத்தை. என் கேள்விக்கான விடையை நான் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதில் சோறும் போட்டுவிட்டார்.

இப்போது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் பந்தியில் ஓர் இலை வில்லனுக்கென்று போடப்படுகிறது. கல்யாணத்தில் மனத்தாங்கல் உள்ள எவரும் வந்து அதில் உட்காரலாம். உட்கார்ந்தவரிடம் வெற்றிலைத் தட்டு நீட்டி, என்ன குறை என்று கேட்பது பெண் வீட்டார் கடமை. யாரும் உட்காராத கல்யாணங்களில் மொஸ்கோ உட்காருகிறார். உட்காரும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்.

தலையில் முடி இருக்கிறது. முழுவதும் நரைத்துவிட்டது.